சிறப்பு ஆலோசகர்கள் பொதுவெளியில் பேசலாமா?

கேள்வி: பிரிட்டனில் அமைச்சர்களின் அரசியல் ஆலோசகர்கள் மேடையில் பேசவும் பத்திரிகையில் எழுதவும் கட்டுப்பாடு உண்டு என்று படித்தேன். அப்படியிருக்க, 2020 மே 25 அன்று பிரதமரின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், பிரதமர் இல்லமான டவுனிங் தெருத் தோட்டத்தில் மேசை முன் அமர்ந்து, பொதுமுடக்கத்தின்போது டர்ஹாம் சென்றது குறித்துச் செய்தியாளர்களின் கேள்விகளுக்குப் பதிலளித்தது எப்படி? விதி தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: சிறப்பு ஆலோசகர்கள் எனப்படும் இவர்கள் தற்காலிக அரசு ஊழியர்கள், 2010ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சீர்திருத்த, ஆளுகைச் சட்டத்தின்படி இவர்களுக்கென்று தனி நடத்தை விதிகள் உண்டு. உரை, கட்டுரை, நூல், சமூக ஊடகம் என எந்த வழியிலும் அரசியல் சர்ச்சையில் வெளிப்படையாக இறங்கக் கூடாது என்றும், தனிநபர் தாக்குதலைத் தவிர்க்க வேண்டும் என்றும், அமைச்சர் சார்பிலோ துறை சார்பிலோ பொதுவாகப் பேசுவதில்லை என்றும் அவை கூறுகின்றன. கம்மிங்ஸ் அன்று விளக்கியது தம் சொந்த நடத்தையை. ஆகவே அமைச்சர் சார்பில் பேசினார் என்று சொல்ல முடியாது. ஆனால் நாடே விவாதித்த ஒரு சர்ச்சையின் நடுவில் அமர்ந்து பேசியது விதியின் நோக்கத்துக்கு முரணானது என்றே கருதுகிறேன்.

பதில் 2: முந்தைய பதிலில் ஒன்று விடுபட்டுள்ளது. அமைச்சரின் கருத்தை ஊடகத்துக்கு எடுத்துச்சொல்லவும், நிரந்தர ஊழியர்களால் இயலாத அளவுக்குக் கட்சிச் சார்போடு அதை முன்வைக்கவும் இதே விதிகள் இவர்களுக்கு இடமளிக்கின்றன. பெயர் வெளிவராமல் செய்தியாளரிடம் பேசலாம், தன் பெயரில் மேடையேறுவதற்குத்தான் தடை என்றால், சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் யார்? நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்லும் கடமை அமைச்சருக்கே உரியது என்பதால் மேடைத் தடை முற்றிலும் சரி. எனக்குக் கவலை தருவது திரைமறைவுப் பேச்சுதான். எதிர்க்கட்சியினர் மீது அவதூறு பரப்பும் திட்டம் மின்னஞ்சல்களில் அம்பலமானதால் 2009 ஏப்ரலில் அன்றைய பிரதமர் கார்டன் பிரவுனின் சிறப்பு ஆலோசகர் டேமியன் மெக்பிரைடு பதவி விலக நேர்ந்தது. அவர் எந்த மேடையிலும் பேசவில்லை.

கேள்வி கேட்டவர்: இருவருக்கும் நன்றி. தேர்தல் நேரத்திலும் இதே கட்டுப்பாடுதானா?

பதில் 1: பொதுத்தேர்தல் பரப்புரையில் ஈடுபட விரும்பினால் முதலில் பதவி விலக வேண்டும், ஐயா. பொதுப்பணத்தில் ஊதியம் பெற்றுக்கொண்டே கட்சிக்கு வாக்குக் கேட்க வழியில்லை.