ஸ்டெத்ல ஒண்ணும் கேட்கலை, இருந்தும் தலையாட்டிட்டேன்

ஃபீனிக்ஸ்_பையன்:
டர்பன்ல மெடிசின் நாலாம் வருஷம். போன வாரம் வார்டு ரவுண்ட்ஸ்ல ஒரு ஜூலு அம்மா, இதயத்தோட இடப்பக்கத்துல இருக்கிற மைட்ரல் வால்வு சுருங்கின கேஸ். ஏழு பேர் வரிசையா ஸ்டெத் வச்சோம். "மர்மர் கேட்குதா?"ன்னார் கன்சல்டன்ட். லப்-டப்போட சேர்ந்து வர்ற கூடுதல் சத்தம்தான் மர்மர். எனக்கு முன்னாடி ஆறு பேரும் "கேட்குது டாக்டர்". நானும் தலையாட்டிட்டேன். சத்தியமா லப்-டப் தவிர ஒண்ணும் கேட்கலை. வெளிய வந்து விசாரிச்சா அந்த ஆறுல நாலு பேருக்கும் கேட்கலையாம்! இதயத்தை அல்ட்ராசவுண்ட் படமாக் காட்டுற எக்கோ, இப்ப போன்ல செருகுற ப்ரோப்பாவே வந்தாச்சு. இன்னும் எதுக்கு இந்த நாடகம்?

எக்கோ_அக்கா:
நாடகம்தான் தம்பி. நம்ம பக்கத்து வீடு மொசாம்பிக்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்களைப் பார்த்த ஆய்வு 2007ல வந்தது. ஸ்டெத் வச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்ச ருமாட்டிக் இதய நோய் ஆயிரத்துக்கு ரெண்டு சொச்சம். அதே பிள்ளைங்களுக்கு எக்கோ எடுத்தா ஆயிரத்துக்கு 30. தொண்டை வலியில ஆரம்பிச்சு வால்வைத் தின்னுற நோய் இது. காது கோட்டை விட்ட மிச்சப் பிள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றது?

பழைய_ஸ்டெத்:
அந்த 30 பேர்ல எத்தனை பேருக்கு முத்தும்னு உங்க எக்கோ சொல்லுமாம்மா? அதை விடுங்க. தம்பி, முதல்ல இதைச் சொல்லு. அந்த அம்மாவை இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்களா? ஸ்டெத்ல நீ வச்சது குழிஞ்ச பெல் பக்கமா, தட்டையான டயாஃப்ரம் பக்கமா?

ஃபீனிக்ஸ்_பையன்:
உட்கார்ந்துதான் இருந்தாங்க அங்கிள். நான் எப்பவும் டயாஃப்ரம்தான்.

பழைய_ஸ்டெத்:
பின்னே எப்படிக் கேட்கும்! மைட்ரல் ஸ்டெனோசிஸ், அதான் அந்தச் சுருங்கின வால்வு, அதோட சத்தம் அடிமட்ட சுருதி. காவடிக்கு உறுமி வாசிக்கிறவன் குச்சியால தோலைத் தேய்ப்பானே, அது நாலு தெரு தள்ளிக் கேட்டா எப்படி இருக்கும், அப்படி. ஆளை இடப்பக்கம் திருப்பணும். இதயத் துடிப்பு விரல்ல தட்டுற இடத்தைத் தேடி, பெல்லைப் பூ மாதிரி வைக்கணும். அழுத்தினா அடியில இருக்கிற தோல் இழுபட்டு அதுவே டயாஃப்ரம் ஆயிடும், உறுமல் காணாமப் போயிடும். மூச்சை வெளிய விடச் சொல்லி அப்படியே நிறுத்தச் சொல்லணும். லப் சத்தமா, டப், ஒட்டினாப்ல ஒரு சின்ன சொடுக்கு, அப்புறம் ர்ர்ர்ர். இதை யாரும் சொல்லித் தரலை, ஏழு பேரையும் வரிசையில நிக்க வச்சாங்க, அவ்வளவுதான். பழி மட்டும் காதுமேல. 2004ல அமெரிக்காவுல மாணவர்களுக்கு ஒவ்வொரு மர்மரையும் 500 தடவை திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாங்க. அதுக்கப்புறம் பரீட்சை வச்சா ரொம்ப நல்லாச் சொல்றாங்க. பாட்டு மாதிரிதான். ஒரு தடவை கேட்டா ராகம் பிடிபடுமா?

ஜோஹன்னஸ்பர்க்ல இதய டாக்டர் ஜான் பார்லோ இருந்தாரே. சிஸ்டொலி, அதாவது இதயம் சுருங்குற நேரம், அதுக்கு நடுவுல வர்ற 'கிளிக்' சத்தம் இதயத்துக்கு வெளியிலிருந்து வர்றதுன்னு பெரிய பெரிய ஆளுங்க சொல்லிட்டிருந்த காலத்துல, இல்லை, மைட்ரல் வால்வுதான்னு 1963ல காட்டினார். நம்ம நாட்டுக் காது.

எக்கோ_அக்கா:
காட்டினது எப்படி? இதயத்துக்குள்ள சாயம் ஏத்தி எக்ஸ்ரே படம் எடுத்துத்தானே? காது சந்தேகப்பட்டது, படம்தான் தீர்ப்பு சொன்னது. முத்துமான்னு கேட்டீங்களே, உகாண்டாவுல ஆரம்பநிலைப் பிள்ளைங்களுக்கு ரெண்டு வருஷம் மாசாமாசம் பென்சிலின் ஊசி போட்டாங்க. 2022ல வெளியான முடிவு: ஊசி போட்டவங்கள்ல 0.8 சதவீதம் முத்துச்சு, போடாதவங்கள்ல 8.2. இவங்களைக் கண்டுபிடிச்சது எக்கோ.

பழைய_ஸ்டெத்:
போடாதவங்கள்லயும் 90க்கு மேல முத்தலையே. அத்தனை பிள்ளைங்களுக்கும் மாசாமாசம் இடுப்பு ஊசி!

எக்கோ_அக்கா:
அந்த எட்டுல உங்க பேத்தி இருந்தா?

கிளினிக்_சிஸ்டர்:
ரெண்டு பேரும் டவுன்ல உட்கார்ந்து பேசுறீங்க. கரும்புக்காட்டுப் பக்கம் கிளினிக்ல இருந்து ரிட்டயர் ஆனவ நான். எங்ககிட்ட நோயாளி வந்தா முதல்ல பார்க்கிறது டாக்டர் இல்லை, சிஸ்டர். ஒரு பொண்ணு, ஏழு மாசக் கர்ப்பம், மூச்சு வாங்குதுன்னு மூணு தடவை வந்தா. மூணு தடவையும் ஆஸ்துமா பம்ப் கொடுத்து அனுப்பினோம். கடைசியில பெரிய ஆஸ்பத்திரியில பார்த்தா இதே சுருங்கின வால்வு. கர்ப்பத்துல ரத்தம் கூடினதும் வால்வு தாங்கலை. எங்க கழுத்துலயும் ஸ்டெத் இருந்தது, பி.பி. பார்க்க. இதயத்துல வைக்க எங்களுக்கு யாரும் கத்துத் தரலை. ப்ரோப் வந்திருந்தா? வரட்டும், நல்லதுதான். ஆனா லோட் ஷெடிங்னு கரண்ட்டை நிறுத்தினப்போ தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கே நாங்க பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

எக்கோ_அக்கா:
சிஸ்டர், அதுக்குத்தான் நானும் சொல்றேன். அந்த உறுமலைக் கேட்கப் பழக்க எத்தனை மாசம்? ப்ரோப்ல அந்த ஒரு வால்வை மட்டும் பார்க்கச் சொல்லித்தர சில நாள் போதும்.

கிளினிக்_சிஸ்டர்:
சரி, அந்தச் சில நாளைக்கு என் வரிசையை யார் பார்ப்பாங்க?

ஃபீனிக்ஸ்_பையன்:
இன்னைக்கு சாயங்காலம் தனியாப் போனேன். அந்த அம்மாகிட்ட கேட்டுட்டு, இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். "பெஃபுமுலா"ன்னு சொல்லி மூச்சு விட வச்சேன். பத்து நிமிஷம் ஒண்ணுமில்லை, அவங்களே சிரிச்சுட்டாங்க. பெல்லை லேசாத் தூக்கினதும் பக்கத்து ரூம்ல போன் அதிர்ற மாதிரி ஒண்ணு. போச்சு. மறுபடி வந்துச்சு. கேட்டுச்சு அங்கிள்!

எக்கோ_அக்கா:
சந்தோஷம் தம்பி. எக்கோ ரிப்போர்ட்டைப் படிச்சுட்டுத்தானே போனே?

ஃபீனிக்ஸ்_பையன்:
ஆமாக்கா. அதான் இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு.