120 ஃபிலிம் நெகட்டிவ் ஸ்கேன் செய்ய பினாங்கில் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம். மறைந்த அப்பாவின் பிஸ்கட் டின்னில் பழைய நெகட்டிவ் சுருள்கள் கிடைத்தன. எல்லாம் 120 ஃபிலிம் (வழக்கமான 35 எம்எம் ஃபிலிமைவிட அகலமானது), சுருளுக்கு 12 சதுரப் படங்கள். தைப்பூசச் சுருள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளி ரதம் ஒரே படத்தில்தான், அதுவும் ஓரத்தில் பாதி. மற்ற 11 படங்களிலும் அம்மா. தேங்காய் உடைக்கும் கூட்டத்தில், தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபடி, அப்புறம் ஃபெர்ரியில் தூங்கிப்போய். அப்பாவின் கேமராவை வயிற்றருகே வைத்து, குனிந்து பார்த்துதான் எடுக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்தே இருக்காது. அப்பா அவரிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இப்போது சுருள்களில் வினிகர் வாடை வருகிறது. அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கினால் இப்படித்தான் வருமாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் வேகமாகக் கெடும். ஜார்ஜ்டவுன், பட்டர்வர்த் பக்கம் 120 ஃபிலிம் ஸ்கேன் செய்பவர்கள் தெரிந்தால் சொல்லுங்கள். கேட்ட இரண்டு கடையிலும் 35 எம்எம் மட்டும்தான் என்றார்கள். அதுவரை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? அனுபவம் உள்ள அண்ணன், அக்கா யாராவது வழி காட்டுங்கள். அம்மாவுக்கு 78 வயது. சீக்கிரம் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும்.