நுரை வராத ஃபேஸ்வாஷ் வெறும் கண்துடைப்பா?

ஆறாம்விரல்:
"முகப்பரு இருந்தால் நன்றாக நுரைக்கும் ஃபேஸ்வாஷைத்தான் வாங்க வேண்டும், நுரை வராததெல்லாம் கண்துடைப்பு" என்று நேற்று வேறொரு திரியில் கதிரவன்87 அருளியிருந்தார். படித்ததிலிருந்து தூக்கம் போச்சு. நுரை என்பது காற்றுக்குமிழி ஐயா. எண்ணெயையும் அழுக்கையும் பிடித்து இழுப்பது சர்ஃபாக்டன்ட். அது நுரைக்காமலும் வேலை செய்யும். கை நிறைய நுரை வேண்டுமென்றால் ஷேவிங் கிரீம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கதிரவன்87:
என் பெயரில் தனித் திரியா? நன்றி. என் முகத்தில் எண்ணெய் வழியும், காலையில் தலையணை உறையைப் பார்த்தாலே தெரியும். நுரைக்காத லோஷன் ஒன்றை மூன்று வாரம் போட்டேன். கழுவிய பிறகும் விரல் வழுக்கியது. நுரைப்பதற்கு மாறினேன், கன்னத்தைத் தேய்த்தால் கீச்சென்றது. இதற்கு மேல் என்ன ஆதாரம்?

ஆறாம்விரல்:
அந்தக் கீச் சுத்தமானதன் சத்தம் இல்லை தம்பி. தோலுக்குக் காவலாக இருக்கும் கொழுப்பையும் சேர்த்து வழித்தெடுத்துவிட்டீர்கள். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச் (அமில-கார அளவு) 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு 9, 10, அதாவது காரம். கழுவிய ஐந்தாவது நிமிடம் முகம் இழுத்துப் பிடிக்கிறதா? அதைக் கேட்டால் பதில் வராது, நுரை நுரை என்பீர்கள்.

கதிரவன்87:
தம்பி என்று கூப்பிட நாம் என்ன சொந்தமா? இழுத்துப் பிடித்தால்தான் எண்ணெய் போயிற்று என்று அர்த்தம்.

தேன்மொழி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நுரையை விட்டுவிட்டு டியூபின் பின்பக்கம் படியுங்களேன். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும், அதனால் அடைத்த துளைக்குள் இறங்கும். மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைப்பதில் பெரும்பாலும் 0.5 முதல் 2 சதவீதம் இருக்கும். நான் முன்பு பென்சாயில் பெராக்சைடு போட்டேன். பரு குறைந்தது, ஆனால் நீலத் துண்டில் என் முகம் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெளுத்துவிட்டது. அதிலிருந்து வெள்ளைத் துண்டுதான்.

கதிரவன்87:
உங்கள் சாலிசிலிக் நுரைக்குமா, நுரைக்காதா?

தேன்மொழி:
நுரைக்கும், ஆனால் அதனால்…

கதிரவன்87:
போதும் மேடம். இதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.

ஆறாம்விரல்:
கோழி கூவியா பொழுது விடிகிறது?

புதுவரவு:
வணக்கம். பருவுக்கு இரவில் அடாபலின் என்ற மருந்து ஜெல் தடவுகிறேன், மூக்கோரம் தோல் உரிகிறது. எந்த ஃபேஸ்வாஷ் நல்லது?

செந்தமிழன்:
முதலில் "ஃபேஸ்வாஷ்" என்பதை விடுங்கள். "முகக்கழுவி" என்று அழகாகச் சொல்லலாமே.

ஆறாம்விரல்:
முகக்கழுவி என்றால் கழுவுகிற ஆளா, கழுவும் பொருளா? அதற்குத் தனித் திரி திறவுங்கள். புதுவரவு, மருந்து ஏதும் சேர்க்காத மென்மையானதாகப் பாருங்கள். காலை, மாலை இரண்டு வேளை, வெதுவெதுப்பான நீர், விரல் நுனி போதும், ஸ்க்ரப் வேண்டாம். வியர்த்தால் இன்னொரு முறை கழுவலாம். உரிவது நிற்காவிட்டால் ஜெல் எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேளுங்கள். முக்கியமாக நுரையைப் பார்த்து வாங்காதீர்கள்.

தேன்மொழி:
அதற்காக நுரைப்பதெல்லாம் கெடுதல் என்றும் இல்லை. சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட் என்ற சர்ஃபாக்டன்ட் நன்றாக நுரைக்கும், மென்மையும்கூட.

ஆறாம்விரல்:
நுரை கெடுதல் என்று நான் எங்கே சொன்னேன்? தேவையில்லை என்றேன்.

கதிரவன்87:
ஷேவிங் கிரீம் வாங்கச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரரா?

ஆறாம்விரல்:
அது கிண்டல். கிண்டலுக்கும் கருத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் பேசி என் மதிய உணவு ஆறிப்போனதுதான் மிச்சம். மறுபடி சொல்கிறேன்: பரு வெறும் அழுக்கால் வருவதில்லை. துளைக்குள் இறந்த செல்லும் எண்ணெயும் அடைத்து, பாக்டீரியா பெருகி, வீங்குகிறது. மேலே எவ்வளவு நுரைத்தாலும் உள்ளே அடைத்தது அடைத்ததுதான்.

செந்தமிழன்:
"பாக்டீரியா" அல்ல, நுண்ணுயிரி.

கதிரவன்87:
இன்று காலையும் நுரைத்தது. கீச்சென்றது. புதுப் பரு ஒன்றுகூட இல்லை.

ஆறாம்விரல்:
எத்தனை நாளாக?

கதிரவன்87:
ஒன்பது நாள்.

ஆறாம்விரல்:
ஒன்பது நாள்! பருவுக்கு எதைப் போட்டாலும் ஆறு, எட்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். தோல் உரிந்த பிறகு வாருங்கள்.

கதிரவன்87:
போன மாதம் சன்ஸ்கிரீன் திரியிலும் "உரியும்" என்று சாபம் விட்டீர்கள்.

ஆறாம்விரல்:
உரிந்ததே. நீங்களே படம் போட்டீர்கள்.

கதிரவன்87:
அது வெயிலால்.

ஆறாம்விரல்:
சன்ஸ்கிரீன் பிறகு எதற்காம்?