மொரட்டோரியம்: ‘தடைக்காலம்’ எனலாமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நீங்கள் தொகுக்கும் சட்டச் சொற்பட்டியலில் ‘மொரட்டோரியம்’ என்பதற்கு ‘தவணை ஒத்திவைப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். 2020 கொரோனா சமயத்தில் வங்கிகள் செய்ததற்கு அது பொருந்தும். 2016 நொடிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்குப் பொருந்தாது. அங்கே கடன் கட்டத் தவறிய கம்பெனி மீதான நொடிப்பு மனுவைத் தீர்ப்பாயம் ஏற்ற நாளிலிருந்து கம்பெனி மேல் யாரும் புதிதாக வழக்குப் போட முடியாது. நடக்கிற வழக்கும் நின்றுவிடும். வங்கி அடமானத்தில் கை வைக்கக் கூடாது, இடத்துக்காரர் காலிசெய்ய வைக்கக் கூடாது. கம்பெனியும் தன் சொத்தை விற்க முடியாது.

‘தடைக்காலம்’ என்று வைக்கலாமா? உவரி, கூட்டப்புளி மாதிரிக் கடற்கரை ஊர்ப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன் பெருகட்டும் என்று விசைப்படகை நிறுத்துகிறார்கள். இங்கே கம்பெனி மூச்சு வாங்கட்டும் என்று 180 நாள், நீட்டித்தால் இன்னும் 90.

பாளையங்கோட்டையிலிருந்து மறுமொழி:

சொல் நன்றாகத்தான் இருக்கிறதம்மா. ஆனால் ‘தடை’ என்றதும் கட்சிக்காரர் ‘ஸ்டே வாங்கியாச்சா?’ என்பார். இன்னொன்றும் இருக்கிறது. நம்மூரில் தனி ஆள் நொடித்தால் இன்றைக்கும் 1920 மாகாண நொடிப்புச் சட்டப்படி சப் கோர்ட்டில் ஐ.பி., அதாவது நொடிப்பு மனு, போடுவதுதான் வழக்கம். ஊரில் அதை மஞ்சக் கடுதாசி என்பார்கள். அங்கே மனு போட்டதுமே இந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. மொட்டையாகத் ‘தடைக்காலம்’ என்று போட்டால், மஞ்சக் கடுதாசி கொடுத்தவர் தனக்கும் அது உண்டு என்று நினைத்துவிடுவார்.

அண்ணாச்சி,

ஐ.பி. என்றதும் சிரித்துவிட்டேன். கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்கு நடந்த காலத்தில் என்னை ‘ஐ.பி. வக்கீல்’ என்றுதான் சொல்லிக்கொள்வேன். சென்னையில் அதற்கு அறிவுசார் சொத்து என்று பொருள். வள்ளியூர்ச் சித்தி, “ஏட்டி, ஊரான் மஞ்சக் கடுதாசி குடுக்கதுக்கு நீ கையெழுத்துப் போடுதியா?” என்றாள். இப்போது இரண்டு வேலையும் பார்க்கிறேன். சித்தி வாக்கு பாதி பலித்துவிட்டது.

ஸ்டே ஒரு வழக்கை நிறுத்தும். இது கம்பெனிக்கு எதிரான எல்லாரையும் நிறுத்துகிறது, கம்பெனியின் கடமையை நிறுத்துவதில்லை. காப்புரிமையில் இது பளிச்சென்று தெரியும். பிறர் காப்புரிமையை மீறியதாகக் கம்பெனி மேல் உள்ள அத்துமீறல் வழக்கு நிற்கும். ஆனால் கம்பெனி தன் காப்புரிமைக்குக் கட்ட வேண்டிய ஆண்டுக் கட்டணத்துக்கு விடுமுறை கிடையாது. கட்டாமல் விட்டால் 20 ஆண்டு உரிமை நடுவழியிலேயே காலாவதியாகிவிடும். பிறகு கம்பெனியை எடுத்து நடத்த வருகிறவருக்கு என்ன மிஞ்சும்?

அதனால் ‘வசூல் தடைக்காலம்’ என்று வைப்போம். வழக்கு, ஜப்தி, ஏலம் மூன்றும் அதில் அடங்கும். அத்துமீறல் வழக்கு வசூலா என்று கேட்பீர்கள். நேராக இல்லைதான், ஆனாலும் ‘கடனீந்தோர் நடவடிக்கை இடைநிறுத்தக் காலம்’ என்று நீட்டினால் மனுவில்கூட யாரும் எழுத மாட்டார்கள். பட்டியலில் இரண்டு வரியாகப் பிரித்துவிடுங்கள்: வங்கிச் சலுகைக்குத் தவணை ஒத்திவைப்பு, 14ஆம் பிரிவுக்கு வசூல் தடைக்காலம். சப் கோர்ட் ஐ.பி.க்கு இது பொருந்தாது என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் போட்டுவிடலாம். கம்பெனியை மூடிச் சொத்தை விற்றுக் கடன் அடைக்கும் லிக்விடேஷனுக்குக் ‘கலைப்பு’ என்று இருப்பதும் எனக்கு ஒப்பவில்லை, அதை அடுத்த மடலில் பார்ப்போம்.