ஆயில் குடிக்கும் விமான என்ஜினுக்கு 50 மணி நேர ஆயில் மாற்றம் கட்டாயமா?

மேகவழி:
அமெரிக்காவில் நாங்கள் நால்வர் கூட்டாக வைத்திருக்கும் செஸ்னா 172 எஸ் விமானத்தில் 180 குதிரைத்திறன் கொண்ட லைகாமிங் ஐஓ-360 என்ஜின் உள்ளது. எட்டு மணி நேரம் பறந்தால் அது ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஆயிலைக் குடித்துவிடுகிறது. ஃபில்டர் பொருத்திய என்ஜினில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது, ஆயிலை மாற்ற வேண்டும் என்பது லைகாமிங்கின் அறிவுரை. எங்கள் என்ஜினுக்கு இது வீண் செலவு என்பது என் வாதம். ஆயில் மட்டத்தைக் காட்டும் அளவுகோலான டிப்ஸ்டிக்கில் 7 குவார்ட் அளவைக் காக்கிறோம். 50 மணி நேரத்துக்குள் 6 குவார்ட் புதிய ஆயில் உள்ளே போய்விடுகிறது. இப்படி நிரப்பிக்கொண்டே இருந்தால், 100 மணி நேர முடிவில் ஆயிலில் இருக்கும் அழுக்கின் அடர்த்தி, ஆயிலே குடிக்காத என்ஜினில் ஏறத்தாழ 47 மணி நேரத்தில் சேரும் அடர்த்திக்குத்தான் சமமாகிறது. அப்படியிருக்க, 100 மணி நேரம் வரை ஏன் காத்திருக்கக் கூடாது?

பட்டறைக்காரர்:
கணக்கில் பிழையில்லை. ஆனால் இரண்டு என்ஜின்களிலும் அழுக்கு ஒரே வேகத்தில் சேர்கிறது என்று வைத்துக்கொண்டு அதைப் போட்டிருக்கிறீர்கள். காணாமற்போன ஆயில் எந்த வழியாகப் போனது என்று முதலில் பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி மேலே போய் எரிகிறது என்றால், அதே வழியாக எரிந்த வாயு, ஆயில் இருக்கும் கீழ்ப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கிக்கொண்டும் இருக்கும். நாம் ஊற்றும் 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஈயத்தின் சேர்மங்களும், எரிதலில் உண்டாகும் நீராவியும் அமிலங்களும் அந்த வாயுவோடு சேர்ந்து ஆயிலில் கலக்கின்றன. எனவே அதிகம் குடிக்கும் என்ஜின் பெரும்பாலும் அதிகம் அழுக்காக்கும் என்ஜினாகவும் இருக்கும். கிராங்க் கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் வழியாக ஆயில் வெளியே போகிறது என்றால் கதை வேறு. 8 குவார்ட் முழுவதும் நிரப்பும் பலருக்கு அந்தக் கடைசி குவார்ட் விமானத்தின் அடிவயிற்றில்தான் கறையாகப் படிகிறது.

இன்னொன்று: ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, காந்தம் வைத்துப் பார்க்கிறோம். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டோ, அதன் மேல் உரசும் டேப்பெட்டோ உரியத் தொடங்கினால், என்ஜினின் சக்தி குறைவதற்கு வெகு முன்பே இரும்புத் துகள் அங்கே தெரிந்துவிடும். நீங்கள் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் அந்தச் சோதனையும் பாதியாகக் குறைந்துவிடும்.

மேகவழி:
ஃபில்டரை மட்டும் 50 மணி நேரத்தில் மாற்றுவதற்கு ஆயில் முழுவதையும் வடிக்க வேண்டியதில்லை. அமெரிக்க விதிகளின்படி அந்த வேலையை விமானியாக இருக்கும் உரிமையாளரே செய்து பதிவேட்டில் எழுதலாம். ரிங் தேய்மானம் என்ற ஐயத்துக்கும் ஆதாரம் இல்லை. லைகாமிங்கின் சூத்திரப்படி, குதிரைத்திறனை 0.006 ஆலும் 4 ஆலும் பெருக்கி 7.4 ஆல் வகுத்தால், எங்கள் என்ஜினுக்கு மணிக்கு 0.58 குவார்ட் வரை அனுமதி உண்டு. நாங்கள் குடிக்கவிடுவது 0.125 மட்டுமே. சிலிண்டர்கள் அழுத்தத்தைக் கசியாமல் தாங்குவதைக் காட்டும் கம்ப்ரஷன் அளவுகளும் நன்றாக உள்ளன. ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கும் அனுப்பி வருகிறோம். இரும்பு, தாமிரம், குரோமியம் எதுவும் உயரவில்லை.

நீலவானம்:
என் ஐயம் வேறு பக்கத்தில் இருக்கிறது. நான் நான்கு மாதத்தில் 15, 20 மணி நேரம் பறந்தாலே அதிகம். ஆயில் தெளிவாகத்தான் இருக்கிறது. அதை வடித்துக் கொட்ட மனம் வரவில்லை. பறக்க முடியாத வாரங்களில் தரையிலேயே பத்து நிமிடம் என்ஜினை ஓட்டி வைக்கிறேன்.

பட்டறைக்காரர்:
நீலவானம் அவர்களே, அந்தப் பத்து நிமிட ஓட்டத்தைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். எரிதலில் உண்டாகும் நீர் ஆயிலில் சேரும். ஆனால் ஆயில் 82 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிச் சற்று நேரம் அங்கே நின்றால்தான் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். தரையில் அது நடப்பதில்லை. லைகாமிங்கில் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. நிற்க நிற்க அதன் மேலிருக்கும் ஆயில் வடிந்துவிடும், வெறும் உலோகத்தில் ஈரமும் அமிலமும் துருக்குழிகளை உண்டாக்கும். ஆயிலின் நிறத்தைப் பார்த்து அமிலத்தை அறிய முடியாது. நான்கு மாத வரம்பு உங்களைப் போன்றவர்களுக்காகவே வைக்கப்பட்டது.

மேகவழி அவர்களே, நீங்கள் காட்டிய அதே கணக்கை ஆய்வக அறிக்கைக்கும் பொருத்திப் பாருங்கள். புதிய ஆயில் அழுக்கை நீர்க்கச் செய்கிறது என்றால், இரும்பின் அளவையும் அது நீர்க்கச் செய்கிறது. 50 மணி நேர மாதிரியில் ஆய்வகம் காண்பது உண்மையில் உதிர்ந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத்தான். 100 மணி நேரத்தில் பாதிகூடத் தெரியாது. எத்தனை குவார்ட் ஊற்றினீர்கள் என்று எழுதி அனுப்பாவிட்டால், தேய்ந்துகொண்டிருக்கும் என்ஜினும் நலமாக இருப்பதாகவே அந்தத் தாள் சொல்லும்.

மேகவழி:
அது நியாயமான கருத்து. இனி ஊற்றிய அளவையும் சேர்த்தே அனுப்புவோம். ஆயினும் இந்த 50 மணி நேர வரம்புக்கு அடிப்படை ஈயம்தான் என்று நான் எண்ணுகிறேன். ஈயமற்ற பெட்ரோலில் ஓடும், இலகுரக விமானங்களுக்கான ராட்டாக்ஸ் 912 என்ஜினுக்கு அதன் தயாரிப்பாளரே 100 மணி நேரம் அனுமதிக்கிறார். ஈயமற்ற 100 ஆக்டேன் பெட்ரோல் ஒன்றுக்கு அமெரிக்க விமானத் துறை 2022-இல் ஒப்புதல் அளித்தது. அது பரவலாகக் கிடைக்கும் நாளில் இந்த வரம்பும் மாற வேண்டும்.

பட்டறைக்காரர்:
ராட்டாக்ஸின் சிலிண்டர் தலைகள் நீரால் குளிர்கின்றன. ஆயிலும் தனித் தொட்டியில் இருக்கிறது. லைகாமிங் முழுக்கக் காற்றால் குளிரும் என்ஜின் என்பதால், வெப்ப வேறுபாட்டுக்காகப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே கூடுதல் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. ஈயம் போனாலும் அந்த இடைவெளி வழியே நீரும் அமிலமும் இறங்கும். எனவே லைகாமிங் தன் அறிவுரையை மாற்றும் வரை 50 மணி நேரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் நால்வரில் யார் பறந்தாலும், எந்த மணி நேரத்தில் ஒரு குவார்ட் ஊற்றினார் என்பதை விமானத்திலேயே இருக்கும் ஒரே பதிவேட்டில் எழுதட்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்பது திடீரென நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்றானால், சூத்திரம் அனுமதித்தாலும் அடுத்த பறப்புக்கு முன் அந்த என்ஜினைத் திறந்து பார்க்க வேண்டும்.