ஞாயிறு பினாங்கு: எங்க குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

கவி: அத்தை, மதுரையிலிருந்து முரளி அண்ணன் குடும்பம் சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வந்துடுவாங்க. ஞாயிறு பூரா பினாங்குத் தீவுல ஜார்ஜ்டவுன். அண்ணி, அவங்க அம்மா, பிள்ளைங்க ரெண்டு. கையைக் கடிக்காம எப்படிச் சுத்திக் காட்டுறது?

அத்தை (பட்டர்வொர்த், தீவுக்கு எதிர்க்கரை): கார் எடுக்காதே. பார்க்கிங் தேடியே பாதி நாள் போயிடும். ஃபெரியில போ, பெரியவங்களுக்கு 2 வெள்ளிதான் (ரிங்கிட்). பிள்ளைங்களுக்கு அந்தக் கடல் பயணமே போதும்

மணி மாமா: கொடிமலைக்குக் (பினாங்கு ஹில்) கூட்டிட்டுப் போங்க லா. 833 மீட்டர், மேல குளுகுளுன்னு இருக்கும்

அத்தை: ஞாயித்துக்கிழமையா? வரிசையப் பார்த்தீங்களா? நமக்கு மைகாட் (மலேசிய அடையாள அட்டை) இருக்கு, பாதிக்கும் குறைவு. வெளிநாட்டுக்காரங்களுக்கு மலை ஏறுற ரயிலுக்கு ஆளுக்கு 30 வெள்ளி. பெரியவங்க மூணு பேருக்கே 90

மணி மாமா: அவ்வளவு தூரத்துல இருந்து வந்துட்டு மலை பார்க்காம போறதா

அத்தை: மேகம் மூடிட்டா அந்த 90 வெள்ளிக்கு வெள்ளையாத்தான் தெரியும்

கவி: மாமா, அண்ணனே மெசேஜ் போட்டாரு. சாப்பாட்டுக்குக் குறை வைக்காதே, டிக்கெட் எடுத்து உள்ள போற இடம் வேணாம்னு

அத்தை: அப்போ சுலபம். நடந்தே பார்க்குற ஊரு அது. 2008-ல யுனெஸ்கோ பாரம்பரிய இடமா அறிவிச்சது எதுக்கு? தெருவே காட்சி. முதல்ல குவீன் தெரு மாரியம்மன் கோயில். 1833-ல கட்டினது. மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால காலையிலயே போயிடு. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தா கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். எல்லாம் அந்தச் சுற்றுலயே. எங்கேயும் காசு கேக்க மாட்டாங்க

சுதா அண்ணி: அம்மாவுக்கு முட்டி வலி. ரொம்ப நடக்க முடியாது

கவி: கேட் பஸ் இருக்கு அண்ணி! ஃபெரி ஜெட்டியில (படகுத்துறை) இருந்து கொம்தார் கோபுரம் வரைக்கும் டவுனுக்குள்ள சுத்தும், இலவசம். யாரும் ஏறலாம், பாஸ்போர்ட்டெல்லாம் காட்ட வேணாம்

அத்தை: மத்த பஸ்ஸுக்கு சில்லறை வச்சிக்கோ. மீதி தர மாட்டாங்க

முரளி அண்ணன்: பையன் சுவத்துல சைக்கிள் படம் பார்க்கணும்கிறான்

கவி: ஆர்மீனியன் தெரு அண்ணா. 2012-ல லிதுவேனியா ஓவியர் எர்னஸ்ட் ஸகரேவிச் வரைஞ்சது. பிள்ளைங்க படம்தான் சுவத்துல இருக்கு, சைக்கிள் நிஜம். பத்து மணிக்கு மேல போட்டோ எடுக்க வரிசை நிக்கும். கோயில்ல இருந்து நேரா அங்க போயிடுவோம்

மணி மாமா: மதியம் நாசி கண்டார், கறியும் குழம்பும் ஊத்துற சோறு. அதையாவது விடாதீங்க

அத்தை: இறாலும் மீன் முட்டையும் கைகாட்டினா பில்லுல மலை ரயில் வந்துடும். கோழி, வெண்டைக்காய் போதும், குழம்பு எல்லாத்தையும் கலந்து ஊத்தச் சொல்லு

சுதா அண்ணி: அம்மா சைவம் அத்தை

அத்தை: லிட்டில் இந்தியாவுல வாழை இலைச் சாப்பாடு இருக்கே. அவங்க அங்க உக்காரட்டும், வெயில் நேரத்துக்கு நிழலும் ஆச்சு. ரெண்டு மணிக்கு மேல எவனாச்சும் ரோட்டுல நடப்பானா? மழையும் அந்நேரம்தான் பிடிக்கும், குடை எடுத்துக்கோங்க

கவி: சாயங்காலம் சியூ ஜெட்டி. ஃபெரிக்குப் பக்கத்துலயே, திரும்ப ஏறவும் வசதி

அத்தை: அது சீனக் குடும்பங்க குடியிருக்கிற இடம். கடல்ல கால் நட்டு வீடு கட்டியிருக்காங்க. ஜன்னல் வழியா எட்டிப் பார்க்காதேன்னு பிள்ளைங்ககிட்ட இப்பவே சொல்லி வை

மணி மாமா: அப்போ மலை கிடையாது

அத்தை: உங்களுக்கு மலைதானே வேணும்? தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வாங்க. 513 படி, டிக்கெட் கிடையாது, மேல நின்னா ஊரும் தெரியும், கடலும் தெரியும்

மணி மாமா: நான் அம்மாகூட வாழை இலைக் கடையில இருக்கேன்

கவி: சரி, ஏழரைக்கு எல்லாரும் பசியாறிட்டு ரெடியா இருக்கணும். மாமா, ஃபெரிக்கு டச் அன் கோ கார்டுல காசு இருக்கான்னு பார்த்துடுங்க