கோபம் வந்த பிள்ளையிடம் என்ன சொல்வது? – எங்கள் குடும்பக் குழுவில்

அக்கா (2.10): எல்லாரும் இருக்கிறீர்களா? சின்னவன் வெகுநேரம் அழுதுவிட்டு இப்போதுதான் தூங்கினான். கட்டைகளை உயரமாக அடுக்கிக்கொண்டிருந்தான். கடைசிக் கட்டையை வைக்கும்போது மொத்தமும் சரிந்துவிட்டது. உடனே கையில் கிடைத்ததையெல்லாம் எறிய ஆரம்பித்துவிட்டான். நாலு வயதில் இவ்வளவு கோபம் வருமா?

அம்மா: பக்கத்தில் இருந்த பாப்பாவுக்கு ஒன்றும் படவில்லையே?

அக்கா: இல்லம்மா, சுவரில்தான் பட்டது. அண்ணி, வகுப்பில் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அண்ணி (2.24): வரும்மா, பயப்படாதே. கோபத்தை அடக்கி, யோசித்து நடக்க உதவுவது மூளையின் முன்பகுதி. அது முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும். நாலு வயதில் அது இப்போதுதான் வேலையைக் கற்றுக்கொள்கிறது. அவன் உன்னை எதிர்த்து எறியவில்லை, நிறுத்தத் தெரியாமல்தான் எறிந்தான்.

நான்: அண்ணி, தலையணையைக் கொடுத்துக் குத்தச் சொல்லலாமா? கோபம் வெளியே போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

அண்ணி: அது வேண்டாம்ப்பா. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2002இல் வெளியிட்டார். கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. குத்துவது கோபத்துக்குப் பயிற்சி கொடுப்பதாகத்தான் முடியும்.

அக்கா: அப்போ அந்த நேரத்தில் நான் என்ன செய்யணும்?

அண்ணி (2.31): முதலில் கட்டைகளையும் பாப்பாவையும் தள்ளி வை. அவன் உயரத்துக்குக் குனிந்து உட்கார். குரலை இறக்கி, இரண்டே வாக்கியம் போதும். "அவ்வளவு கஷ்டப்பட்டு அடுக்கினாய், விழுந்ததும் ரொம்ப ஏமாற்றமாகிவிட்டது. எறிய விடமாட்டேன், யாருக்காவது அடிபடும்." அவ்வளவுதான். அதற்கு மேல் பேசினால் அவன் காதில் ஏறாது. "ஏன் எறிந்தாய்?" என்று அப்போது கேட்காதே, அவனுக்கே பதில் தெரியாது. கட்டிப்பிடித்தால் அடங்குவானா, தொட்டால் இன்னும் கத்துவானா என்பது உனக்குத்தான் தெரியும். தொட வேண்டாம் என்றால் பக்கத்தில் இரு, போதும்.

"கோபம்" என்று மட்டும் சொல்லிப் பழக்காதே. இன்று அவனுக்கு வந்தது பெரும்பாலும் ஏமாற்றம். பொறாமை, கூச்சம், பயம், சலிப்பு, தவிப்பு எல்லாமே பிள்ளைகளிடம் கோபமாகத்தான் வெளியே வரும். எது என்று பிரித்துச் சொல்ல வார்த்தை கிடைத்தால் கை ஓங்குவது மெல்லக் குறையும்.

நான்: பெயர் சொன்னாலே அடங்குமா?

அண்ணி: உடனே அடங்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2007இல் மாத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பெரியவர்களை மூளை ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். கோப முகத்தையோ பயந்த முகத்தையோ காட்டி, அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. அது பெரியவர்களுக்கு. குழந்தைக்கு அந்தச் சொல்லை முதலில் நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அம்மா (2.48): எனக்கு ஒரு சந்தேகம். அழும்போதெல்லாம் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து தாங்கினால் பிடிவாதம் கூடிவிடாதா? நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டுத்தான் வளர்த்தோம்.

அண்ணி: நல்ல கேள்வி அத்தை. அழுதான் என்பதற்காக மறுத்த பொருளைக் கையில் கொடுத்தால் பிடிவாதம் கூடும். அடுத்த முறையும் அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். அழும்போது பக்கத்தில் இருப்பதால் பிடிவாதம் கூடிவிடாது. அழலாம், கோபப்படலாம். அடிக்கக்கூடாது, எறியக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிற வீட்டில் பிள்ளைக்குக் குழப்பம் வராது. அழுதாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காமல் இருந்தீர்களே, அந்த உறுதியும் இதில் அப்படியே வேண்டும்.

அம்மா: அப்படியென்றால் சரி. நான் ஃபோனைக் கொடுத்துத்தான் சமாளிக்கிறேன், உடனே நின்றுவிடும்.

அண்ணி: அவசரத்துக்கு ஒரு நாள் கொடுத்தால் ஒன்றும் ஆகாது அத்தை. ஒவ்வொரு அழுகைக்கும் கொடுத்தால், தானாக அடங்கிப் பழக அவனுக்கு வாய்ப்பே வராது.

அக்கா (3.05): அழுகை முடிந்த பிறகு?

அண்ணி: கற்றுக்கொடுக்கிற வேளையே அதுதான்! தூங்கி எழுந்து விளையாடும்போது கேள்: "கோபம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது?" என் வகுப்பில் ஒரு குழந்தை "காது சுடுகிறது" என்றது, இன்னொன்று "கை கல்லு மாதிரி ஆகிறது" என்றது. அந்த அறிகுறி பிடிபட்டால் எறிவதற்கு முன்பே உன்னைக் கூப்பிட வழி உண்டு. சோப்புக் குமிழி விடச் சொல். மெதுவாக ஊதினால்தான் குமிழி பெரிதாகும், வேகமாக ஊதினால் உடைந்துவிடும். மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு தணியும். சந்தோஷமாக இருக்கும்போது பழக்கிவிடு. அழுதுகொண்டிருப்பவனிடம் முதன்முறையாக "மூச்சு விடு" என்றால் எரிச்சல்தான் வரும்.

அப்புறம், எறிந்த கட்டைகளை அவனே பொறுக்கட்டும், நீயும் கூட உட்கார்ந்து பொறுக்கு. தண்டனையாகச் சொல்லாதே. நீ கோபத்தில் கத்திவிட்ட நாளில் நீயும் அவனிடம் மன்னிப்புக் கேள், அதைப் பார்த்துத்தான் அவன் கேட்கப் பழகுவான்.

நான்: டாக்டரிடம் எப்போது காட்டணும்?

அண்ணி: தன்னையோ மற்றவரையோ அடிக்கடி காயப்படுத்தினால், வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால், பேச்சு வயதுக்கேற்ப வரவில்லை என்றால் தள்ளிப்போடக் கூடாது. காரணமில்லாமல் தினமும் வயிற்றுவலி என்றால் உடம்பை முதலில் பார்த்துவிட்டு, மனதில் பயம் ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சித்தப்பா (3.40): இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். நம்ம பேரன் பதின்மூன்று வயது, எதுவும் சொல்வதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறான். அவனிடம் குமிழி விடச் சொல்ல முடியுமாம்மா?

அண்ணி: முடியாது மாமா. அந்த வயதில் எதிரே உட்காரவைத்து "என்னடா பிரச்சினை" என்று கேட்டால் வாயே திறக்கமாட்டார்கள். நடந்துகொண்டே, ஏதாவது வேலை செய்துகொண்டே பேசினால் வரும். அவன் பேச ஆரம்பித்தால் தீர்வு சொல்ல அவசரப்படாதீர்கள். "நான் கேட்டால் மட்டும் போதுமா, யோசனையும் வேண்டுமா?" என்று அவனையே கேளுங்கள்.

சித்தப்பா: என் சைக்கிள் செயின் கழன்று கிடக்கிறது. நாளைக்கு மாட்டித்தரக் கூப்பிடுகிறேன்.

அண்ணி: அருமை மாமா. முதல் நாளே எதையும் கேட்டுவிடாதீர்கள், செயினை மட்டும் மாட்டுங்கள்.